வந்ததா, போனதா?

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு மாறாத வழக்கம் உண்டு. எது ஓடவில்லை என்றாலும் முதல் சந்தேகம் நம்மேல்தான். அப்ளிகேஷன் மெதுவாக இருந்தால் ஃபயர்வால். பிரிண்டர் பேசவில்லை என்றால் ஃபயர்வால். இரவு டேட்டாபேஸில் பேட்ச் போட்டிருப்பார்கள், காலையில் யாராலும் லாகின் செய்ய முடியாது, அதற்கும் ஃபயர்வால். கான்ஃபரன்ஸ் காலில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். "சார், எங்க சைடு எல்லாம் க்ளீனா இருக்கு. ஃபயர்வால்ல எதுவும் பிளாக் ஆகுதான்னு மட்டும் பாத்துடுங்களேன்" என்று ஒரு குரல் பணிவாகத் தொடங்கும். பத்து நிமிடத்தில் அந்தப் பணிவு போய்விடும்.

இந்த வாதத்தில் லாக்கைக் காட்டி ஜெயிக்க முடியாது. லாக்கில் 'அலவ்' என்று இருந்தால், ரூல் அந்த இணைப்பை அனுமதித்தது என்பது மட்டுமே நிச்சயம். பாக்கெட் மறுபக்கம் வெளியே போனதா, எதிரே இருக்கும் சர்வர் பதில் சொன்னதா, சொன்ன பதில் இதே ஃபயர்வால் வழியாகத் திரும்பியதா என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் கிடையாது. பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் கிடைக்கும். இந்தத் தொழிலில் ரூல் எழுதி எழுதி அலுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும்; நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். கேப்சர் மட்டும் இன்னும் அலுக்கவில்லை.

இதற்கான கருவிகள் ஒன்றும் புதியவை அல்ல. டிசிபிடம்ப் 1980களின் இறுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. வான் ஜேக்கப்சன், ஸ்டீவன் மக்கான் முதலியோர் எழுதியது. அவர்கள் இருவரும் 1993இல் வெளியிட்ட பாக்கெட் ஃபில்டர் கட்டுரையின் கருத்துதான் இன்றும் லினக்ஸ் கெர்னலுக்குள் வேறு பெரிய வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் வெளியிட்ட ஈதரியல், 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது. இரண்டும் இலவசம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டும் பெட்டிகளில்கூட, பிரச்சனை முற்றும்போது கடைசியில் தட்டுவது இந்தப் பழைய டிசிபிடம்பையோ அதன் தம்பிகளில் ஒன்றையோதான்.

கருவியைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். எங்கே நின்று பிடிப்பது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடிக்கும். ஃபயர்வால் ஒரு சோதனைச் சாவடி. ஒரு வண்டி காணாமல் போனால் சாவடிக்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒரே பக்கம் நின்றுகொண்டு எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் பாதிக் கதைதான். உள்ளே வரும் இன்டர்ஃபேஸிலும் வெளியே போகும் இன்டர்ஃபேஸிலும் ஒரே நேரத்தில் கேப்சர் போட்டால், கேள்வி இரண்டே சொல்லில் முடிந்துவிடும்: வந்ததா, போனதா?

வரவே இல்லை என்றால் பிரச்சனை நமக்கு முன்னால் இருக்கிறது. ஸ்விட்சையோ ரூட்டையோ பார்க்கச் சொல்லலாம். வந்தது, போகவில்லை என்றால் நாம்தான். வந்தது, போனது, பதில் இல்லை என்றால் எதிர்ப்பக்கம். பதிலும் வந்தது, ஆனால் கேட்டவனிடம் சேரவில்லை என்றால் மறுபடியும் நம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கான்ஃபரன்ஸ் காலில் இரண்டு மணி நேரம் ஓடும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றில் வந்து நின்றுவிடும்.

ஒவ்வொரு கம்பெனியின் பெட்டியும் இந்தக் கேள்விக்குத் தன் வழியில் பதில் சொல்லும். செக்பாயின்டில் எஃப்டபிள்யூ மானிட்டர் போட்டால் ஒரே பாக்கெட் நான்கு இடங்களில் தலைகாட்டும்: சின்ன ஐ, பெரிய ஐ, சின்ன ஓ, பெரிய ஓ. உள்வரும் சோதனைக்கு முன், பின். வெளிச்செல்லும் சோதனைக்கு முன், பின். சின்ன ஐ தெரிந்து பெரிய ஐ தெரியவில்லை என்றால் சோதனையில் மாட்டியது. பெரிய ஐ வரை வந்து சின்ன ஓ இல்லை என்றால் ரூட்டிங்கைப் பார்க்க வேண்டும். இவ்வளவு அழகாக வேறெந்தப் பெட்டியும் சொல்வதில்லை என்பது என் கட்சி. பாலோ ஆல்ட்டோவில் ரிசீவ், ஃபயர்வால், டிரான்ஸ்மிட், டிராப் என்று நான்கு கட்டங்களுக்கும் தனித்தனி ஃபைல். சிஸ்கோ ஏஎஸ்ஏவில் டிராப் ஆனவற்றை மட்டும் பிடிக்கும் கேப்சர் வகை ஒன்று உண்டு. ஏன் விழுந்தது என்ற காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடும். வெறும் லினக்ஸ் ஃபயர்வால் என்றால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஐபிடேபிள்ஸுக்கு முன்பே பார்த்துவிடும். வெளியே போவதை ஐபிடேபிள்ஸ் முடிந்த பிறகுதான் பார்க்கும். அதனால் "டிசிபிடம்ப்ல தெரியுதே, அப்போ சர்வருக்குள்ள வந்துடுச்சு" என்று சொல்வது சரியல்ல. நெட்வொர்க் கார்டு வரை வந்தது, அவ்வளவே.

இன்னொரு கண்கட்டு ஆஃப்லோட். வேகத்துக்காக, ஒருமுறை அனுமதித்த செஷனை ஃபயர்வால் அதற்கான சிப்பிடம் ஒப்படைத்துவிடும். பிறகு அந்தப் பாக்கெட்டுகள் சிபியூவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேப்சரில் முதல் மூன்று பாக்கெட் வரும், அப்புறம் சத்தமே இருக்காது. பார்ப்பவருக்கு இணைப்பு செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் ஜிகாபிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோர்ட்டிகேட்டில் அந்த ஒரு ரூலுக்கு மட்டும் ஆஃப்லோடை நிறுத்திவிட்டுப் பிடிக்கலாம். மொத்தப் பெட்டிக்கும் நிறுத்தினால் பகல் நேரத்தில் சிபியூ படுத்துவிடும்.

ஃபில்டர் எழுதுவதில் இரண்டு விஷயம். ஒன்று, நாட். உள்ளே ஒரு முகவரி, வெளியே வேறு முகவரி. உள் முகவரியை வைத்து வெளி இன்டர்ஃபேஸில் தேடினால் ஒன்றும் வராது. "பாக்கெட் போகவே இல்லை" என்ற தவறான தீர்ப்பு தயாராகிவிடும். இரண்டு, ஃபில்டரை மிகக் குறுகலாக எழுதாதீர்கள். போர்ட் 443 என்று மட்டும் போட்டால், வழியில் ஏதோ ஒரு ரூட்டர் "இந்தப் பாக்கெட் பெரிது, என்னால் கடத்த முடியாது" என்று அனுப்பும் ஐசிஎம்பி கண்ணில் படாது. பல சமயம் அந்த ஒரு பாக்கெட்தான் முழுப் பதிலும்.

ஒரு கேஸைக் கிட்டத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் பலருக்கும் வந்திருக்கும். அப்ளிகேஷன் சர்வர் ஒரு ஜோனில், டேட்டாபேஸ் வேறு ஜோனில், நடுவே ஃபயர்வால். தினமும் காலையில் முதலில் வருபவர் ஒரு ஸ்கிரீனைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துப் பிழை ஒன்று வரும். மறுபடி திறந்தால் சிட்டாகப் பறக்கும். அதன்பின் மாலை வரை ஒரு குறையும் இல்லை. டேட்டாபேஸ்காரர், "எனக்குக் கொய்ரியே வரலைங்க" என்றார். அப்ளிகேஷன்காரர், "நாங்க அனுப்பிட்டோம் சார், லாக் இருக்கு" என்றார். இருவர் சொன்னதும் நிஜம். ஃபயர்வால் லாக்கில் டிராப் ரூல் எதிலும் பெயர் இல்லை.

இரவு முழுக்க ஓட வேண்டும் என்பதால், ஃபைல் நிரம்ப நிரம்பப் பழையதை அழித்துக்கொண்டே எழுதும் விதத்தில் இரண்டு பக்கமும் கேப்சர் போட்டோம். காலையில் அப்ளிகேஷன் பக்கத்து ஃபைலைத் திறந்தால் கதை வரிவரியாக இருந்தது. முந்தின மாலைக்குப் பிறகு அந்த இணைப்பில் ஒரு பைட்கூட நகரவில்லை. காலை எட்டு மணி சுமாருக்கு ஒரு பாக்கெட்: கொடியில் புஷ், ஆக், உள்ளே கொய்ரி. புது இணைப்பைத் தொடங்கும் சின் இல்லை, பழைய இணைப்பையே உயிரோடு இருப்பதாக நினைத்து அனுப்பியிருக்கிறது. பதில் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் அதே பாக்கெட், அதே சீக்வன்ஸ் எண்ணுடன். அப்புறம் இரட்டிப்பு இடைவெளியில் மீண்டும். பிறகு நொடிகளில், பிறகு அரை நிமிடத்தில், கடைசியில் இரண்டிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரே வாக்கியத்தைப் பதில் வராத வீட்டு வாசலில் கத்தியது மாதிரி. டேட்டாபேஸ் பக்கத்து ஃபைலில் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. வந்தது, போகவில்லை. ஆக, நாம்தான்.

காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மூன்று டீஃபால்ட் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாததுதான். பல ஃபயர்வால்கள் சும்மா கிடக்கும் டிசிபி செஷனை 3,600 நொடியில், அதாவது ஒரு மணி நேரத்தில், தம் டேபிளிலிருந்து அழித்துவிடும். இரு முனைகளுக்கும் சொல்லாது. அதன்பின் அந்தப் பழைய இணைப்பில் வரும் பாக்கெட்டை விடவும் விடாது. லினக்ஸில் 'நீ இருக்கிறாயா' என்று கேட்கும் கீப்அலைவ் 7,200 நொடிக்கு ஒருமுறை. அதுவும் அப்ளிகேஷன் கேட்டுக்கொண்டால் மட்டும். ஆக, கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செஷன் செத்திருக்கும். மூன்றாவது எண்: ஏற்கெனவே நிறுவிய இணைப்பில் பதில் வராவிட்டால் லினக்ஸ் டீஃபால்ட்டாக 15 முறை மறுபடி அனுப்பும். 200 மில்லிசெகண்டில் தொடங்கி இரட்டித்து, 120 நொடியில் நின்று, எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 924 நொடி. பயனர் சொன்ன அந்தக் கால் மணி நேரம் இதுதான். அவர் குத்துமதிப்பாகச் சொன்னார். கெர்னல் கணக்காகவே செய்திருக்கிறது.

தீர்வில்தான் சண்டை வரும். ஃபயர்வாலில் டைம்அவுட்டை ஒரு நாளாக்கிவிடுங்கள் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்துவிடலாம். செய்தால் செத்துப்போன இணைப்புகளெல்லாம் டேபிளில் நாள் கணக்கில் குடியிருக்கும். கனெக்‌ஷன் பூலில் பத்து நிமிடத்துக்கு ஒரு கீப்அலைவ் வைப்பதே சரி. ஒரு சர்வரில் ஒரு வரி மாற்றம். அதைச் செய்யவைக்க நடக்கும் மெயில் பரிமாற்றம் வேறு கதை. செஷனை அழிக்கும்போது இரு பக்கமும் ரீசெட் அனுப்பும்படி வைக்கும் வசதியும் சில பெட்டிகளில் உண்டு, இருந்தால் பயன்படுத்துங்கள்.

ரீசெட் என்றதும் நினைவுக்கு வருவது இன்னொரு நிரந்தரச் சச்சரவு. "உங்க ஃபயர்வால்தான் கனெக்‌ஷனை ரீசெட் பண்ணுது." "இல்லைங்க, உங்க சர்வர் ஐபியில இருந்துதான் ரீசெட் வருது." அனுப்புநர் முகவரியில் சர்வரின் ஐபி இருப்பதால் சர்வர்தான் அனுப்பியது என்று முடிவு கட்ட முடியாது. நடுவில் இருக்கும் ஐபிஎஸ்ஸோ லோட் பேலன்ஸரோ இன்னொரு ஃபயர்வாலோ சர்வரின் பெயரில் ரீசெட் அனுப்பலாம். அதைக் காட்டிக்கொடுப்பது டிடிஎல், பாக்கெட்டின் தலைப்பில் இருக்கும் ஒரு எண். விண்டோஸ் பொதுவாக 128இல் தொடங்கும், லினக்ஸ் 64, பல நெட்வொர்க் பெட்டிகள் 255. ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். சர்வரிடமிருந்து வந்த சின்-ஆக்கில் டிடிஎல் 117, அடுத்து வந்த ரீசெட்டில் 253 என்றால் இரண்டையும் ஒரே பெட்டி அனுப்பவில்லை. முதலாவது பதினோரு ரூட்டர் தாண்டி வந்தது. இரண்டாவது இரண்டே ரூட்டருக்கு அப்பாலிருந்து வந்தது. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அடுத்த மெயிலில் சூடு குறைந்துவிடும்.

சில நேரம் வந்ததும் போனதும் சரியாக இருந்தும் வேலை நடக்காது. கிளை அலுவலகம் ஐபிசெக் டனல் வழியாகத் தலைமையகத்தோடு பேசுகிறது. பிங் போகிறது. லாகின் பக்கம் வருகிறது. ரிப்போர்ட்டைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேப்சரில் மூன்று கை குலுக்கலும் சுத்தமாக முடிந்திருக்கும். சின்னப் பாக்கெட்டுகள் போய்வரும். 1,460 பைட் டேட்டாவோடு முழு அளவில் போகும் பாக்கெட் மட்டும் மறுபடி மறுபடி போகும், ஆக் வராது. ஈதர்நெட்டில் 1,500 பைட் வரை போகும். பிபிபிஓஇ இணைப்பு என்றால் அதில் 8 போய் 1,492. டனலின் தலைப்புகள் இன்னும் சில பத்து பைட்டைத் தின்னும். பெரிய பாக்கெட்டைக் கடத்த முடியாத ரூட்டர் ஐசிஎம்பி மூலம் சொல்ல வேண்டும் என்பது 1990இலேயே ஆர்எஃப்சி 1191இல் எழுதப்பட்டது. ஆனால் 'பாதுகாப்பு' என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக மூடி வைத்திருப்பார்கள். சொல்ல வந்தவன் வாயைக் கட்டிவிட்டு, ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. அந்தச் செய்தியான ஐசிஎம்பி டைப் 3, கோட் 4-ஐத் திறந்துவிடுங்கள், டனலில் ஒரு பாக்கெட்டுக்கான டேட்டா அளவை, அதாவது எம்எஸ்எஸ்ஸைக் குறைத்து வையுங்கள். ஐசிஎம்பியை அடியோடு மூடச் சொல்லும் ஆடிட் செக்லிஸ்டுகளோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அளவு சம்பந்தப்பட்ட புது வியாதி ஒன்று 2024இல் வந்தது. குரோம் 124இல் டெஸ்க்டாப் பிரவுசர்களுக்கு, குவாண்டம் கணினிகளைத் தாங்கும் கீ பரிமாற்றம் டீஃபால்ட் ஆனது. அதன் கீ ஆயிரம் பைட்டுக்கு மேல். அதுவரை ஒரே பாக்கெட்டில் அடங்கிய டிஎல்எஸ் கிளையன்ட் ஹலோ இரண்டு பாக்கெட்டாக உடைந்தது. முதல் பாக்கெட்டிலேயே எல்லாம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட சில சர்வர்களும் நடுப்பெட்டிகளும் விழி பிதுங்கின. அப்போது ஃபயர்ஃபாக்ஸில் திறக்கிறது, குரோமில் திறக்கவில்லை என்று டிக்கெட் வந்தபோது லாக்கில் ஒன்றும் புரியவில்லை. கேப்சரில் உடைந்த ஹலோ பளிச்சென்று தெரிந்தது.

கேப்சரும் பொய் சொல்லும். அனுப்பும் சர்வரிலேயே பிடித்தால் செக்சம் தவறு என்று வயர்ஷார்க் காட்டக்கூடும். செக்சம் போடும் வேலை கார்டுக்கு விடப்பட்டிருப்பதால் பிடிக்கும் நேரத்தில் அது இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். 1,500ஐத் தாண்டிய பாக்கெட் தெரிந்தால் அதுவும் கார்டும் கெர்னலும் சேர்த்துக் கட்டிய மூட்டை. டிசிபிடம்பை நிறுத்தும்போது கடைசியில் 'கெர்னல் தவறவிட்ட பாக்கெட்' என்று ஒரு எண் வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அது பூஜ்யமாக இல்லாவிட்டால், காணோம் என்று நீங்கள் சொல்லும் பாக்கெட் வந்து போயிருக்கலாம். ஸ்விட்சில் ஸ்பான் போட்டு, அதாவது ஒரு போர்ட்டின் நகலை இன்னொன்றுக்கு அனுப்பிப் பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. போர்ட் நிரம்பினால் ஸ்விட்ச் நகலைத்தான் முதலில் கைவிடும்.

இரு பக்க ஃபைலையும் ஒப்பிட இரு பெட்டியின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு, கணினிக் கடிகாரங்களை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு பொருத்தச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. பல இடங்களில் இது ஆடிட்டுக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். மூன்று நிமிடம் பிந்திய ஒரு ஃபயர்வாலை வைத்துக்கொண்டு, மில்லிசெகண்டில் நடக்கும் ஒரு விஷயத்தை விசாரிக்க உட்கார்ந்தால் அந்த உத்தரவின் அருமை தெரியும்.

இந்த வேலையில் கை சுத்தமாக இருக்க வேண்டும். டெல்நெட், எஃப்டிபி, சாதா எச்டிடிபி ஓடும் இடத்தில் பிடித்தால் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தெழுத்தாகத் தெரியும். டிஎல்எஸ் இருந்தாலும் யார் எந்தத் தளத்துக்கு எப்போது போனார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்தவர் பேச்சு அது. சந்தேகத்துக்குரிய இரண்டு முகவரிகளை மட்டும் பிடியுங்கள். தலைப்பு போதும் என்றால் பாக்கெட்டின் முதல் நூறு சொச்சம் பைட்டோடு வெட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஃபயர்வாலிலிருந்தும் உங்கள் லேப்டாப்பிலிருந்தும் ஃபைலை அழியுங்கள். அவசரம் என்று கேப்சர் ஃபைலை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூடவே கூடாது.

புதிதாக வரும் பிள்ளைகள் பலர் டேஷ்போர்டில் வளர்ந்தவர்கள். கேப்சரைத் திறந்தால் வண்ண வண்ண வரிகளைப் பார்த்து மிரள்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: எதுவும் கெடாத ஒரு நாளில், நன்றாக ஓடும் ஒரு இணைப்பைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறப்பதை டிஎன்எஸ் கேள்வியிலிருந்து ஃபின் வரை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆரோக்கியமான உடம்பின் நாடி தெரியாமல் நோயாளியின் கையைப் பிடித்துப் பயனில்லை.

கடைசியாக, எங்களுக்கு டிக்கெட் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஃபயர்வால் பிளாக் செய்கிறது, உடனே பார்க்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஐபியிலிருந்து, எந்த ஐபிக்கு, எந்த போர்ட்டுக்கு, எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் என்று எழுதுங்கள். முயன்றவுடனே மறுத்ததா, நெடுநேரம் காத்திருந்து தோற்றதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது பெரும்பாலும் ரீசெட், இரண்டாவது பெரும்பாலும் டிராப். இவ்வளவு கையில் இருந்தால் ஃபில்டர் எழுத எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.